எண்ணால், எழுத்தால்

எங்கள் பிரிவின் வேலை, கணினித் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதுவது. இதற்கு எண் வழங்கல் பிரிவு என்று பெயர். நான்கு மேசை, ஐந்து நாற்காலி, ஒரு முத்திரை. ஐந்தாவது நாற்காலி யாருக்கு என்று சேர்ந்த அன்று கேட்டேன். "விரிவாக்கத்துக்கு" என்றார்கள்.

நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளி படுக்கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், செவிலியர் மேசைக்கு மேலே ஒரு பலகையில் அந்தப் படுக்கையின் எண் எரியும். அந்தப் பலகைக்குள் ஓடுவது எங்கள் மென்பொருள். அதை எழுதும் நிரலாளர்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் எதையாவது திருத்தி, நிரல்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்தில் சேர்த்தால், களஞ்சியம் தானாகவே ஓர் எண் போடும். 48,209க்குப் பிறகு 48,210. அதற்குப் பிறகு 48,211. இதில் யாரும் யோசிக்க ஒன்றுமில்லை.

அந்த எண்ணை நாங்கள் பார்த்து, படிவம் ஏழில் 'எண்ணால்' என்ற கட்டத்தில் ஒரு முறையும் 'எழுத்தால்' என்ற கட்டத்தில் ஒரு முறையும் எழுதுவோம். மூன்று கையெழுத்து. ஒரு முத்திரை. பிறகு மூன்றாம் மாடிக்கே திருப்பி அனுப்புவோம். அதன் பிறகுதான் அது பதிப்பு. அதற்கு முன்னால் அது வெறும் வேலை.

எழுதுவது நான். முதல் கையெழுத்துப் போடுபவரை முதல் கையெழுத்து என்றும், இரண்டாவது போடுபவரை இரண்டாம் கையெழுத்து என்றும் சொல்வோம். அவர்களுடைய சொந்தப் பெயரைக் கையெழுத்தில்தான் பார்த்திருக்கிறேன், படிக்க முடியவில்லை. மூன்றாவது கையெழுத்தும் முத்திரையும் எண் அதிகாரியுடையவை. நிரலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் முழு எண். அவருக்குத் தசமப் புள்ளி பிடிக்காது. "புள்ளி வைக்கறவன் முடிவெடுக்கத் தெரியாதவன்" என்பார். "பதினோரு வருஷம். நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் எண். ஒண்ணாவது தப்பாக் குடுத்திருக்கேனா?" என்றும் கேட்பார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட.

ஒரு திங்கட்கிழமை களஞ்சியத்தை மாற்றினார்கள்.

இயக்குநர் எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்துப் பேசினார். அன்று, நான் படிக்கும் மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து, நினைவிருந்தவரை குறித்துக்கொண்டேன். ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

"பழைய களஞ்சியம் நாம செய்யற ஒவ்வொண்ணையும் எண்ணிட்டே இருந்துச்சு. புதுக் களஞ்சியம் எண்ணாது. உலகம் முழுக்க இதுக்கு மாறிட்டாங்க. பெருமையாச் சொல்றேன், இனிமே இந்த நிறுவனத்துல யாருமே எண்ண வேண்டியதில்ல!"

கைதட்டினார்கள். பின் வரிசையில் யாரோ, "இப்ப மட்டும்?" என்றார். யாரென்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதுக் களஞ்சியம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் போடாது. கைரேகை போல ஒன்று போடும். எழுத்தும் எண்ணும் கலந்து நாற்பது இடம். புழக்கத்துக்கு முதல் ஏழு போதும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எந்த உறவும் கிடையாது. இதைத்தான் மூன்றாம் மாடியில் அருமை என்றார்கள்.

அந்த வாரம்தான் அக்கா காலையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியர்.

"உங்க பலகைக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுடி. எங்க வார்டுல பதிமூணு அழுத்தினா முப்பத்தொண்ணு எரியுது. முப்பத்தொண்ணு அழுத்தினா பதிமூணு எரியுது."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் ஒழுங்கு. பதிமூணு எங்க மேசைக்குப் பக்கத்துலயே, கதவோரம். முப்பத்தொண்ணு அந்தக் கடைசியில, தூணுக்குப் பின்னாடி. நான் நடக்கற நடைக்கு இந்நேரம் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்."

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேனே. 'தங்கள் புகார் பெறப்பட்டது'ன்னு கெட்டியா ஒரு தாள் வந்துச்சு. கரண்ட் போனப்ப பதிமூணுக்கு அதை வச்சுத்தான் விசிறினேன்."

மூன்றாம் மாடிக்குப் போய்ச் சொன்னேன். அங்கே ஒரு பெண் நிரலாளர் இருக்கிறார். எதையும் ஒரே வரியில் திருத்திவிடுவார் என்பதால் அவருக்கு ஒரு வரி என்று பெயர். அந்த வார்டின் பட்டியலில் யாரோ இரண்டு எண்களை இடம் மாற்றித் தட்டியிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே சரிசெய்தார்.

"முடிஞ்சுது. உங்க எண் வந்தா சாயங்காலமே அனுப்பிடுவேன். உங்கக்கா கிட்ட செருப்பை மாத்த வேண்டாம்னு சொல்லு."

திரையில் அந்தத் திருத்தத்தின் கைரேகை தெரிந்தது: c3fa09d.

அதைப் படிவம் ஏழில் எழுத உட்கார்ந்தேன். 'எண்ணால்' கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. முழு எண் எழுந்து வந்தார்.

"என்னம்மா, புள்ளி வைக்கறீங்க?"

காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"இதுல என்ன குழப்பம்? கட்டம் என்ன சொல்லுது? 'எண்ணால்'. எண் எதெல்லாம் இருக்கோ அதை அங்க எழுதுங்க. 'எழுத்தால்'. எழுத்து எதெல்லாம் இருக்கோ அதை இங்க எழுதுங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் படிவத்தை எவ்வளவு யோசிச்சுப் பண்ணிருக்காங்க பாருங்க!"

அப்படியே எழுதினேன். எண்ணால்: 309. எழுத்தால்: cfad. முதல் கையெழுத்து கையெழுத்திட்டார். இரண்டாம் கையெழுத்து, முதல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது.

மாலையில், பதிப்புகளை வாங்கிக்கொள்ளும் மருத்துவமனை இயந்திரம் பதிப்பு 309ஐத் திருப்பி அனுப்பிவிட்டது. தன்னிடம் இருப்பது 48,211, வந்திருப்பது பழசு, ஏற்க இயலாது.

"மெஷினுக்கு நம்ம விதி தெரியாதா?" என்று முழு எண் கோபப்பட்டார்.

தெரிந்ததுதான் சிக்கல். எங்கள் எண் விதி நான்கு: 'ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிடப் பெரிய எண் பெறும்.' இயந்திரத்துக்குள் அதை எழுதிவைத்தவர்களும் நாங்களே.

நான் இரண்டு நாள் யோசித்தேன். தவறாக இருக்குமோ என்று தாளில் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். பிறகு முழு எண்ணிடம் போனேன்.

"சார், பழைய கடைசி எண் 48,211. புதுக் களஞ்சியத்துல இதுவரைக்கும் எத்தனை மாற்றம் சேர்ந்திருக்குன்னு எண்ணி அதோட கூட்டிட்டா? ஆறு சேர்ந்திருந்தா 48,217. எப்பவும் ஏறிட்டேதான் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வருத்தம்.

"நீங்க சேர்ந்து எத்தனை மாசம்?"

"அஞ்சு, சார்."

"அதான். நாம எண் வழங்கறவங்கம்மா. எண்ணுறவங்க இல்ல. இந்தப் பிரிவுல யாரும் எண்ணக் கூடாது. எண்ண ஆரம்பிச்சா, அப்புறம் எதுக்கு நாலு பேருன்னு எவனாவது எண்ணுவான்."

அவர் சொன்னதில் இருந்த தர்க்கத்தை நான் மறுக்கவில்லை. இருக்கைக்கு வந்து தாளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அக்கா டீயை ஆற்றவில்லை. அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பதிமூன்றாம் படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள். முந்தின நாள் மத்தியானம் பொத்தானை அழுத்தினார். புதிதாக வந்த செவிலியர் பலகையைப் பார்த்துக் கடைசிக்கு ஓடினாள். அங்கே முப்பத்தொன்று தூங்கிக்கொண்டிருந்தது. இவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே இறங்கப் பார்த்து விழுந்துவிட்டார்.

"தையல் பிரிஞ்சிருச்சு. மறுபடி போட்டாங்க. இன்னொரு தடவை விழுந்தா அந்த மனுஷன் நடக்கறது சந்தேகம்னு டாக்டர் சொல்றார்" என்றாள். "அந்தப் பொண்ணு அழுதுட்டே இருக்கா. நீங்க திருத்திட்டோம்னு சொன்னீங்களே, எங்கடி அது?"

"திருத்தியாச்சுக்கா. எண்ணுக்காக நிக்குது."

"எண்ணா? கழுதை, சும்மா ஏதாவது ஒரு எண்ணைப் போடேன்!"

பதினோரு வருடத்தில் எங்கள் பிரிவைப் பற்றி யாரும் இவ்வளவு மோசமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

நோயாளி விழுந்த செய்தி எழுத்து மூலம் வந்ததால் அவசரக் கூட்டம் போட்டார்கள். அவசரம் என்பதால் ஒன்பது நாளிலேயே கூடியது. குறிப்பெடுக்க என்னை அழைத்தார்கள். பொருள்: எழுத்து பெரியதா, எண் பெரியதா?

மத்தியானம் வரை ஒன்பது பெரியதா, a பெரியதா என்று வாதம் நடந்தது. ஒன்பதுக்கு அனுபவம் அதிகம் என்றார் முழு எண். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பெருசு சின்னதுன்னு இதுல எதுவுமே இல்லீங்க. கைரேகைல உங்களுது பெருசா, என்னுது பெருசா?" என்றார் அவர்.

இயக்குநர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு எழுந்து பேசினார். இதை நான் குறிப்பேட்டில் அப்போதே எழுதினேன், சொல் மாறவில்லை.

"ஒரு நோயாளி விழுந்திருக்கார். வருத்தமான விஷயம். ஆனா ஒண்ணு யோசிங்க. எண் இல்லாம ஒரு பதிப்பு வெளிய போய், அப்புறம் ஒருத்தர் விழுந்தா, அவர் எந்தப் பதிப்புல விழுந்தார்னு எப்படிச் சொல்லுவோம்? இப்ப விழுந்தவர் 48,211ல விழுந்தார். சந்தேகமே இல்லாமச் சொல்ல முடியுது. இதுதான் இந்த நிறுவனம்."

முழு எண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குத் தீர்மானம் ஆனது. விதி நான்கு பெரிய எண் வேண்டும் என்கிறது. கைரேகையில் இருப்பவை ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகள். ஆகவே பெரிய எழுத்தில் எழுதினால் பெரிய எண் ஆகிவிடும். C3FA09D. அடுத்து வரும் ஒவ்வொரு பதிப்பையும் முந்தையதைவிட ஒரு படி பெரிய அளவில் அச்சிட வேண்டும். நாற்பது பதிப்புக்குப் பிறகு கட்டத்துக்குள் அடங்காதே என்று இரண்டாம் கையெழுத்து கேட்டார். அவர் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அகலமான படிவம் அச்சடிக்க ஒரு துணைக் குழு போட்டார்கள்.

இயந்திரம் எழுத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டது.

முழு எண் அதற்கெல்லாம் சோர்கிறவர் இல்லை. மறுநாள் மூன்றாம் மாடிக்கே நேரில் போனார். பதினோரு வருடத்தில் அவர் மாடிப்படி ஏறியது அது முதல் தடவை என்றார்கள். நான் கோப்போடு பின்னால் போனேன்.

"எழுத்தே இல்லாத கைரேகை ஒண்ணு குடுங்க" என்றார்.

"கேட்டு வாங்கற சாமான் இல்லீங்க அது. தானா வரணும்."

"வர்ற வரைக்கும் போடுங்க."

ஒரு வரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "முப்பது தடவை போட்டா ஒண்ணு அப்படி விழலாம்" என்றார் கடைசியில். "உங்கக்காவுக்காகப் போடறேன். இவருக்காக இல்ல."

திருத்தத்தின் அடியில் ஒரு காலி வரியைச் சேர்த்துப் போட்டார். புதிய கைரேகை. அதில் எழுத்து இருந்தது. இன்னொரு காலி வரி. அதிலும் இருந்தது. ஒரே வரியில் முடிந்த வேலை, மூன்று மணி நேரத்தில் ஒரு வரியும் இருபத்திரண்டு காலி வரிகளும் ஆனது. இருபத்திரண்டாவதில் வந்தது 4190e88.

"சே, ஒரே ஒரு e. மறுபடி போடறேன்" என்றார் அவர்.

அடுத்து நடந்தது என் தவறு. வந்ததை எல்லாம் வரிசையாகக் கணினிப் பதிவேட்டில் ஏற்றிவந்தேன். யாரும் சொல்லவில்லை, பழக்கம். இதையும் ஏற்றினேன். பதிவேட்டின் கட்டம் ஒரு கணம் யோசித்து, நான் தட்டியதை அழித்துவிட்டு, 4.19E+91 என்று தானே மாற்றி எழுதியது. மற்ற எல்லாம் இடப்பக்கம் ஒட்டி நின்றன. இது மட்டும் எண்களைப் போல வலப்பக்கம் போய் நின்றது.

"என்ன ஆச்சு அதுக்கு?" என்றார் முழு எண் என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"நடுவுல e வந்தா, இத்தனை சைபர்னு அர்த்தம் பண்ணிக்குது சார். 4190 போட்டு எண்பத்தெட்டு சைபர்."

"எண்ணா அது?"

"பதிவேடு எண்ணுன்னுதான் நினைக்குது சார்."

"48,211ஐ விடப் பெருசா?"

ஒரு வரி தலையில் கைவைத்துக்கொண்டார். இயந்திரத்தில் சோதித்தும் பார்த்தார்கள். இயந்திரமும் அதை எண் என்றே படித்தது, பெரியது என்று ஒப்புக்கொண்டது.

"சார், இதை ஏத்திட்டா அடுத்த பதிப்புக்கு இதைவிடப் பெரிய எண்ணுக்கு எங்க போறது?" என்று ஒரு வரி கேட்டார்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு" என்றார் முழு எண்.

கீழே வந்து படிவம் ஏழை எடுத்தேன். விதிப்படி இரண்டு பிரதி. எண்ணால் எழுதக் கட்டம் போதாமல் ஓரத்தில் திரும்பி, படிவத்தைச் சுற்றி வந்து முடித்தேன். எழுத்தால் எழுத, ஒரு தனித்தாளில் கணக்குப் போட்டேன். கோடிக்கு ஏழு சைபர். நான்கு கோடியே பத்தொன்பது லட்சம், பிறகு பன்னிரண்டு கோடி. பன்னிரண்டு கோடி என்றால் கோடி என்ற சொல் பன்னிரண்டு முறை.

'நான்கு கோடியே பத்தொன்பது லட்சம் கோடி கோடி கோடி' என்று எழுதிக்கொண்டே போகும்போது, யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. முதல் பிரதி முடிந்து, இரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மகிழ்ச்சி தாங்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் உங்க வார்டுக்கு வந்துடும்! பதிமூணு பதிமூணாவே எரியும்!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது.

"அக்கா?"

"ஐயோ, வேண்டாம்டி."

"என்னது?"

"இனி உங்களை நம்பிட்டு இருக்க முடியாதுன்னு, முந்தாநாள் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டு வந்து கட்டில்ல இருக்கற நம்பர்ப் பலகையைக் கழட்டி மாத்தி மாட்டிட்டேன். இப்ப கதவோரத்துல இருக்கற தையல்காரர்தான் முப்பத்தொண்ணு. அவர் அழுத்தினா முப்பத்தொண்ணு எரியுது, சரியா வர்றோம். கேஸ் ஷீட்டு, மருந்துச் சீட்டு, கையில கட்டற பட்டை எல்லாத்துலயும் மாத்தி எழுதியாச்சு. இப்பப் போய் நீங்க சரிபண்ணா மறுபடி தப்பாயிடும்! அந்த மனுஷன் இப்பத்தான் எழுந்து உட்கார்றார்."

"திரும்ப மாட்ட முடியாதா?"

"மருந்துச் சீட்டு ரெண்டு தடவை மாறினா யாருக்கு எந்த ஊசி போகும்னு நீ வந்து சொல்லுவியா? நிறுத்து அதை."

முழு எண்ணிடம் ஓடினேன். முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ பதிப்பை நிறுத்தணும்கறீங்க."

"ஆமா சார். அந்தத் திருத்தம் இப்ப வேண்டாம்."

"நிறுத்தறது ஒரு மாற்றம். மாற்றம்னா புதுப் பதிப்பு. அதுக்கு இதைவிடப் பெரிய எண் வேணும். இருக்கா?"

"அனுப்பாம விட்டுட்டா சார்?"

"குடுத்த எண்ணை அனுப்பாம விடறதா?" அவர் முத்திரைப் பெட்டியைத் திறந்தார். "அந்த ரெண்டாம் பிரதியை முடிங்க. இயக்குநர் காத்திட்டிருக்கார். போட்டோ எடுக்கறாங்க."

இருக்கைக்கு வந்தேன். நான் வேண்டுமென்றே எதையும் தப்பாக எழுதியவள் இல்லை. தெரியாமல் எழுதிவிட்டோமோ என்றுதான் எப்போதும் பயம். மூன்று முறை பார்க்காமல் எதையும் மேசையை விட்டு அனுப்பியதில்லை. இரண்டாம் பிரதியை எழுதினேன். நான்கு கோடியே பத்தொன்பது லட்சம். கோடி. கோடி. பதினோராவது கோடி வந்ததும் முற்றுப்புள்ளி வைத்தேன். அதையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

முதல் கையெழுத்து கையெழுத்திட்டார். இரண்டாம் கையெழுத்தும். இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாக முழு எண்ணின் முன்னால் வைத்தேன். அவர் முத்திரையை மையில் ஒற்றிக் கையைத் தூக்கினார்.

"சார், ரெண்டு படிவத்துக்கும் ஒரு கோடி வித்தியாசம் இருக்கற மாதிரி தோணுது."

கை அந்தரத்தில் நின்றது.

"எதுல கம்மி?"

"தெரியல சார். ரெண்டுலயும் ரெண்டு கையெழுத்து விழுந்திடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். உதடு கோடி, கோடி என்று அசைந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

"எது சரின்னு யாராவது எண்ணிப் பார்த்தாகணும்" என்றார் மெதுவாக.

"எண்ணலாமா சார்?"

"நம்ம பிரிவுல கூடாது." முத்திரையைக் கீழே வைத்தார். "பதினோரு வருஷத்துல முதல் தடவை. இயக்குநர்கிட்டச் சொல்லிடறேன். நல்லவேளை, பார்த்தீங்க."

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றே அக்காவைக் கூப்பிட்டேன்.

"நின்னுடுச்சுக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"எண்ணத் தெரிஞ்ச ஒருத்தரை வேலைக்கு எடுக்கணுமாம். அதுக்கு விளம்பரம் குடுக்கணும். விளம்பரத்துக்கு ஒரு எண் வேணும்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். நடுவில் அந்தப் பக்கம் மணி அடித்தது. "இரு, முப்பத்தொண்ணு" என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் உடனே நின்றுவிட்டது. ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வர்றீங்களான்னு சும்மா அழுத்திப் பார்த்தேன்."